பூட்ஸில் பால் வெட்டிய அண்ணன்

சுங்கை காடுட் தொழிற்பேட்டை வேலியோரம் யாரோ ஊமத்தைச் செடியை மிதித்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த நாற்றம் மூக்கில் ஏறியதுமே எனக்கு வாய் உலர்ந்தது. முப்பது வருடம் கழிந்தும்.

ஜப்பான்காரன் காலம். எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் காலையில் மண்டோர் என்கிற கங்காணி ஆள் எண்ணும் வரிசைக்குப் பெரட்டு என்று பெயர். சயாம் ரயில் பாதைக்கு ஆள் பொறுக்கியதும் அதே வரிசையில்தான். போனவர் எவரும் திரும்பவில்லை. பட்டியலில் என் அண்ணன் இருந்தான். எனக்கு மிச்சமிருந்த ஒரே உறவு.

பைத்தியத்தை ரயிலேற்ற மாட்டார்கள் என்றார்கள். ஊமத்தை விதையை நான்தான் அரைத்தேன்.

"நான் செத்துட்டா?"

"சயாமுல சாகுறதுக்கு இங்கயே சாவுண்ணே. நான் பக்கத்துல இருப்பேன் லா."

சிரித்துக்கொண்டே விழுங்கினான். நஞ்சு கொடுத்தவள் என்பீர்களா? ஆமாம், கொடுத்தேன்.

உள்ளே நடந்தது பின்னாளில், மருந்தகத்தில் வேலை பார்த்தபோதுதான் புரிந்தது. நரம்புக்கும் நரம்புக்கும் நடுவே நூலிழை இடைவெளி. அசிட்டைல்கோலின் என்ற இரசாயனம் அதைக் கடந்து, அக்கரையில் தனக்கான இடத்தில் ஒட்டிக்கொள்ளும். எச்சில் ஊறும், கண்பாவை சுருங்கும், நினைவு பதியும். ஊமத்தை நஞ்சு முந்திப் போய் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பெரட்டில் நம் இடத்தில் எவனோ நின்றுகொண்டு, பெயர் கூப்பிட்டாலும் வாய் திறக்காதது போல. சேதி வந்து வந்து திரும்புகிறது. மூளை, எதிரே இல்லாததைப் பார்க்கத் தொடங்குகிறது.

மறுநாள் பெரட்டில் அண்ணன் என்னையே யாரென்று கேட்டான். ஆனால் கை தொழிலை மறக்கவில்லை. சிப்பாய் முன் மண்டியிட்டு, அவன் பூட்ஸில் விரலால் சாய்வாகக் கோடு இழுத்தான், ரப்பர் மரத்துப் பட்டையைச் சீவுவது போல. கீழே உள்ளங்கையை ஏந்தினான்.

"பால் வரல மண்டோரே, இது கெட்ட மரம்!"

வரிசை முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. சிப்பாய் உதைத்தான். உதைத்த காலையும் அண்ணன் வெட்டப் பார்த்தான். பட்டியலிலிருந்து அண்ணன் பெயரை அடித்துவிட்டார்கள்.

மூன்று நாள் உளறி, நான்காம் நாள் தெளிந்தான். அன்று நண்பகலே மண்டோர் வந்துவிட்டார்.

"ஊமத்தைதானேம்மா? எனக்குத் தெரியாதா? நாளைக்கு உங்கண்ணனச் சோதிக்க ஜப்பான் டாக்டர் வர்றான். இன்னொரு வாட்டி குடுத்துடாத, நெஞ்சு நின்னுரும். இன்னைக்கே ஆள எங்கயாவது அனுப்பிடு."

காட்டோரம் வரை கூடப் போனேன். வெயில் கூச, அண்ணன் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டான்.

"கேட்டா, காச்சல்ல செத்துட்டான்னு சொல்லிடு."

"ஓடிட்டான்னுதான் சொல்லுவேன். செத்தான்னு என் வாயில வராது. போண்ணே."