வாடகை வைரமும் மஞ்சள் கயிறும்

துபாயில் காலையில் நான் செய்யும் முதல் வேலை, செருப்புகளின் அடிப்பாகத்தில் டேப் ஒட்டுவது. கண்ணாடி மாதிரி இருக்கும் டேப். குமிழி விழாமல், ஓரம் தூக்காமல், குதிகாலின் முனைவரை இழுத்து ஒட்ட வேண்டும். மேடம் அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு காமிரா முன்னால் நடப்பார், உட்கார்வார், யாராவது ஒரு சிநேகிதியிடம் கோபித்துக்கொண்டு எழுந்து போவார். எல்லாம் முடிந்ததும் நான் டேப்பை உரித்து, செருப்பைத் துடைத்து, அதே பெட்டியில் அதே மெல்லிய தாளில் சுற்றிக் கடைக்குத் திருப்பி அனுப்பிவிடுவேன். கவுனுக்கும் அப்படித்தான். விலைச்சீட்டைப் பிய்க்காமல் முதுகுப்பக்கம் உள்ளே மடித்துத் தைத்துவிடுவேன். வந்த புதிதில் ஒருநாள் அந்தச் சீட்டைப் பாசத்தோடு பிய்த்துப் போட்டுவிட்டேன். மேடம் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்து நானும் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

மேடத்தின் வேலை என்ன என்று ஊரில் கேட்கிறார்கள். பணக்காரியாக இருப்பதுதான் வேலை. பணக்காரப் பெண்கள் சிலர் எப்படி உடுத்துகிறார்கள், எங்கே சாப்பிடுகிறார்கள், யாரோடு சண்டை போடுகிறார்கள் என்று காட்டும் ஒரு ரியாலிட்டி ஷோ இங்கே ஓடுகிறது. அதில் மேடமும் ஒருத்தி. கட்டிய உடையை இரண்டாம் முறை கட்டியது தெரிந்தால் போச்சு, அடுத்த சீசனுக்குக் கூப்பிடமாட்டார்கள். கூப்பிடாவிட்டால் அவர் பெயரில் விற்கிற அத்தரை யாரும் வாங்கமாட்டார்கள். அதனால் கைப்பை வாடகைக்கு வரும். வைர நெக்லஸும் வாடகைக்கு வரும், கூடவே அதைக் காவல் காக்க ஒரு ஆளும் வருவார். அந்த ஆள் காமிராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு மேடத்தின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பெண்பிள்ளையின் கழுத்தை இப்படி முறைப்பது என்ன பழக்கம் என்று எனக்கு முதலில் ஆத்திரமாக வந்தது. பிறகுதான் அவர் பார்ப்பது கழுத்தை அல்ல என்று புரிந்தது.

நான் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் லைட்ஹவுஸ் குப்பத்துக்காரி. எங்கள் ஊரிலும் கழுத்தைத்தான் பார்ப்பார்கள். விடிகாலையில் ஃபைபர் படகுகள் கரையேறியதும் மீனை மணலில் கூறுகூறாகக் கொட்டுவார்கள், ஏலக்காரர் தேசப்பன் மாமா சுற்றி நிற்கும் பெண்களைப் பார்த்துக் கத்த ஆரம்பிப்பார். வேண்டியவள் தலையாட்டுவாள். வாயைத் திறக்கவே வேண்டாம். மாமா அந்தத் தலையாட்டலைப் பார்த்துவிட்டால் கூறு அவளுடையது. அப்போதே காசு கொடுக்கிற வழக்கமும் இல்லை. கூடையில் அள்ளிக்கொண்டு போய் விற்றுவிட்டுச் சாயங்காலம் கொடுத்தால் போதும். எந்த நம்பிக்கையில் என்றால், கழுத்தில் கிடக்கிற நம்பிக்கையில். அதனால்தான் எங்கள் பெண்கள் மீன் செதிலும் ஈர மணலும் ஒட்டிய புடவையோடு, இருக்கிற நகையை எல்லாம் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போவார்கள். வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டு, கல்யாண வீட்டிலிருந்து நேராக வந்துவிட்டார்களா என்று கேட்பதுண்டு. கழுத்தில் தங்கக்கொடி போய் மஞ்சள் கயிறு வந்தால், வீட்டில் என்ன நடக்கிறது என்று யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். அடகுக் கடையில் இருக்கிறது என்று அவர்களே தெரிந்துகொள்வார்கள்.

என் தங்கை குமாரி அந்தக் கூட்டத்தில் முன்வரிசைக்காரி. அவள் லேசாகத் தாடையை அசைத்தாலே மாமா பார்த்துவிடுவார். அவளுக்கும் எனக்கும் ஒரே மாதிரி ஆளுக்கொரு சங்கிலி உண்டு. ஏரியில் இறால் நன்றாகப் பட்ட ஒரு வருஷம், நைனா (எங்கள் அப்பா) பழவேற்காட்டு ஆசாரியிடம் சொல்லிச் செய்தது. சங்கிலியில் மீன் டாலர். ஆசாரி என்ன அவசரத்தில் இருந்தாரோ, இரண்டு மீனுக்கும் வால் ஒரே பக்கமாக வளைந்துவிட்டது. நைனா திருப்பிக் கொடுக்கவில்லை. வலையிலிருந்து எடுத்த மீன் அப்படித்தான் துள்ளும் என்று சொல்லிவிட்டார். குப்பத்தில் அந்த மீனைத் தெரியாதவர்கள் கிடையாது.

இந்தக் குமாரியைத்தான் சென்னையில் ஏதோ டிவிக்காரர்கள் கூப்பிட்டார்கள். உழைக்கும் பெண்களுக்கான ரியாலிட்டி ஷோ. ஆட்டோ ஓட்டுகிற பெண், இட்லிக் கடைப் பெண், மீன் விற்கிற பெண் என்று வகைக்கு ஒருத்தி. அவள் இருக்கிறதிலேயே நல்ல பட்டுப்புடவையைக் கட்டி, நகையெல்லாம் போட்டுக்கொண்டு, எத்திராஜோடு (அவள் வீட்டுக்காரர்) சென்னைக்கு ரயிலேறிப் போனாள். ஸ்டுடியோவில் உடைகளைக் கவனிக்கிற பெண் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு வருத்தப்பட்டிருக்கிறாள். "நீங்க மீன் விக்கிறவங்க மாதிரியே இல்லையே, மேடம்" என்றாளாம். "நான் நேத்து கூட வித்துட்டுத்தாம்மா வந்துகீறேன்" என்றாளாம் குமாரி. பட்டு போய், சாயம் போன ஒரு காட்டன் புடவை வந்தது. அது புதிதாக வாங்கி வேண்டுமென்றே சாயத்தைப் போக்கியது என்று குமாரி தொட்டதுமே கண்டுபிடித்துவிட்டாள். மேக்கப்காரர் முகத்தில் கறுப்பு பூசினார். கடைசியில், நகையைக் கழற்றிவிட்டு மஞ்சள் கயிறு கட்டச் சொன்னார்கள். குமாரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, முதலில் கயிற்றைக் கட்டி, அதற்கப்புறம்தான் தங்கக்கொடியைக் கழற்றினாளாம். ஒரு நொடிகூடக் கழுத்து வெறுமனே இருக்கக்கூடாது அல்லவா. நகையை ஒரு கவரில் போட்டு, காவலுக்கு ஒரு ஆளைப் போட்டார்கள். இங்கே வாடகை நகையைப் போட்டுவிட்டுக் காவல் வைக்கிறார்கள், அங்கே சொந்த நகையைக் கழற்றிவிட்டுக் காவல் வைக்கிறார்கள். டிவிக்காரர்கள் எந்த ஊரிலும் காவலில் மட்டும் குறை வைப்பதில்லை.

"அழுவ சொன்னாங்கக்கா. எதுக்குனு கேட்டேன். உங்க கஷ்டத்த நெனச்சினாங்க. நான் எறா வெல எப்டி எறங்கிச்சினு சொன்னேன், அத்த வெட்டிட்டாங்க" என்று போனில் சொன்னாள். முதல் வாரத்திலேயே அவளை அனுப்பிவிட்டார்கள். இயல்பாக இல்லையாம். வறுமை போதவில்லை என்று நான் புரிந்துகொண்டேன். இருவரும் சிரித்துவிட்டு போனை வைத்துவிட்டோம்.

அந்த ஒரு வாரம் ஒளிபரப்பானபோதுதான் சிரிப்பு நின்றது. குப்பம் மொத்தமும் பார்த்தது. அவள் மேடையில் பேசியதை யாரும் காதில் வாங்கவில்லை, மஞ்சள் கயிற்றைத்தான் பார்த்தார்கள். டிவிக்காரர்கள் சொல்லிக் கழற்றினார்கள் என்று அவள் சொன்னதை நம்பவில்லை. நம்பவும் முடியாது. டிவியில் வருவதற்காக ஒருத்தி நகையை இரவல் வாங்கிப் போட்டுக்கொள்வாள், எங்காவது இருக்கிற நகையைக் கழற்றுவாளா? மறுநாள் அவள் வழக்கம்போல எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு கரைக்குப் போய் நின்றாள். சங்கரா மீன் கூறுக்குத் தலையாட்டினாள். தேசப்பன் மாமா பார்க்கவில்லை. மறுபடியும் ஆட்டினாள். அவர் கண் அவளைத் தாண்டிப் பக்கத்தில் நின்றவளிடம் போய் நின்றது. இல்லை என்று யாரும் சொல்லவில்லை, முகம் சுளிக்கவில்லை. அவள் தலை மட்டும் யார் கண்ணுக்கும் தெரியாமல் போய்விட்டது. அப்புறம் தினமும் அதே கதைதான்.

விஷயம் மெல்ல அவள் காதுக்கு வந்தது. எனக்குத் துபாயில் வேலை போய்விட்டதாம், எனக்காகக் குமாரி நகையை அடகு வைத்துவிட்டாளாம். அவள் இப்போது போட்டுக்கொண்டு வருவது என் சங்கிலியாம், ஊருக்கு வந்த யாரிடமோ நான் கொடுத்தனுப்பியதாம், கொடியும் மற்றதும் இரவலாம். இரண்டு மீனும் ஒரே மாதிரி வாலை வளைத்துக்கொண்டிருந்தால் பேச்சு இப்படித்தான் போகும். வீடியோ காலில் என் கழுத்தைக் காட்டுகிறேன், மாமாவிடம் போனைக் கொடு என்றேன். குமாரிக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாக்கா நீ, அந்த ஊருக்குப் போயி எல்லாத்தயும் மறந்துட்டியா? நகய நாம காட்டக்கூடாது. அது தானா தெரியணும். காட்டுனா, பயந்துகினு காட்றாளுங்கனு சொல்லுவாங்க."

அவள் சொல்வது சரிதான். ஏரிப்பக்கம் போய் நண்டு வாங்கி விற்கப் பார்க்கிறேன் என்றாள். ஏலத்தில் முன்னால் நின்றவள் வாயிலிருந்து வந்த பேச்சு அது. அந்தக் கரையில் அவளுக்கென்று ஓர் இடம் உண்டாக்கிக்கொள்ள எத்தனை பாடுபட்டாள் என்று எனக்குத் தெரியும்.

நான் வேலை செய்யும் ஷோவைக் குப்பத்துப் பெண்கள் போனில் பார்ப்பதுண்டு. மேடம் மேல் அவர்களுக்கு இரக்கம் அதிகம். "இன்னா உன் மேடம், கொசுவலய சுத்திகினு வருது? கழுத்துல ஒரு குந்துமணித் தங்கம் இல்லயே, வெறும் கண்ணாடியா தொங்குது, பாவம்" என்று குமாரியின் பக்கத்து வீட்டுக்காரி ஒருமுறை என்னிடம் கேட்டாள். வைரம் என்று சொல்லிப் பார்த்தேன். நல்ல நேரம் வந்தால் அவளும் தங்கம் வாங்குவாள் என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். நானும் அந்த ஷோவில் அவ்வப்போது ஓரத்தில் தெரிவேன், கையோ முதுகோ. ஆனால் சங்கிலி தெரியாது. காமிரா வருமுன் சட்டைக்குள் விட்டுக்கொள்ள வேண்டும் என்பது எனக்குச் சொல்லப்பட்ட முதல் விதி. வேலைக்காரி கழுத்தில் தங்கம் மின்னினால் மேடத்தின் கழுத்திலிருந்து கண் விலகிவிடுமாம்.

சீசனின் கடைசிப் பகுதி மாடித் தோட்டத்தில் ஒரு விருந்து. மேடம் வரும்போது நான் குனிந்து கவுனின் விளிம்பைச் சரிசெய்ய வேண்டும், அதைக் காமிரா காட்ட வேண்டும். காதில் ஹெட்செட் மாட்டிய உதவி இயக்குநர் வழக்கம்போல என் கழுத்தைப் பார்த்து விரலை உள்ளே குத்துவதுபோல் சாடை காட்டினார். நானும் சங்கிலியை உள்ளே விட்டுக்கொண்டேன். மேடம் நடந்து வந்தார். வேலை போனால் குப்பத்தில் சொல்வது உண்மையாகிவிடும் என்று எனக்குத் தெரியும். கை கவுன் விளிம்புக்குப் போகுமுன் கழுத்துக்குப் போய்விட்டது. நைனாவின் மீன் சட்டைக்கு வெளியே வந்து தொங்கியது.

உதவி இயக்குநர் ஓடி வந்தார். நான் அப்படியே குனிந்திருந்தேன். மேடம் கையைத் தூக்கி அவரை நிறுத்தினார். குனிந்து, இரண்டு விரலால் மீன் டாலரைத் தூக்கிப் பார்த்தார்.

"இது எங்கே வாடகைக்கு எடுத்தது?" என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்.

"பழவேற்காடு" என்றேன். வாடகைக்கு அல்ல என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் வந்து சேரவில்லை.

மேடம் ஒரு நொடி யோசித்தார். பிறகு முகத்தை மட்டும் நிமிர்த்தி, டாலரை விரலில் பிடித்தபடியே காமிராவைப் பார்த்து, எங்கள் வீட்டில் வேலை செய்பவர்களையும் நாங்கள் குடும்பமாகத்தான் நடத்துகிறோம், அவர்களுக்கும் குறை வைப்பதில்லை என்றார். எனக்குச் சுருக்கென்றது. நைனா இடுப்பளவு தண்ணீரில் நின்று பிடித்த இறால் அது. அதை இவள் கொடுத்ததாக ஒரு ஊரே நம்பப்போகிறது. வாயைத் திறந்திருப்பேன். திறந்திருந்தால் அந்தக் காட்சியை வெட்டியிருப்பார்கள். அதனால் கவுன் விளிம்பைச் சரிசெய்தேன். காவல்கார ஆள் முதன்முறையாக என் கழுத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடத்தை அடுத்த சீசனுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அவருக்கும் எங்கோ ஒரு தேசப்பன் இருக்கிறார், மேடம் தலையாட்டியதை அந்த ஆள் பார்த்துவிட்டார். அடுத்த நாள் மேடம் என்னிடம் அந்தப் பழவேற்காட்டுக் கடை இன்ஸ்டாகிராமில் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். ரகசியமாக வைத்துக்கொள்கிறாயே என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டார்.

அந்தப் பகுதி ஒளிபரப்பான பிறகு இரண்டு மூன்று நாள் குமாரியிடமிருந்து போன் இல்லை. நானும் கூப்பிடவில்லை, பயமாக இருந்தது. ஒரு மத்தியானம் நான் செருப்பிலிருந்து டேப்பை உரித்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாள். பின்னால் காற்றும் கூடையும் பெண்களின் சத்தமும் கேட்டது.

"யக்கா, இன்னிக்குத் தலையாட்டினேன்."

"பார்த்தாரா?"

"பாத்துட்டாருக்கா." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. டிவிக்காரர்கள் கெஞ்சியும் வராத அழுகை. "வஞ்சிரக் கூறு. மாமா கேக்கறாரு, இன்னாம்மா இத்தினி நாளா ஆளயே காணோம்னு!"

அந்தக் காட்சியை நிறுத்திப் படமாக எடுத்து அனுப்பியிருந்தாள். குப்பத்தில் எல்லா போனிலும் அது இருக்கிறதாம். மேடத்தின் ஒட்டு நகம் வைத்த விரல், அதில் வாலை வளைத்துக்கொண்டு தொங்கும் மீன், என் கழுத்து, பாதி மோவாய். அதற்கு மேல் காட்டவில்லை.

"உன் மூஞ்சி தெரியலக்கா. ஆனா நீதான்னு, என் கழுத்துல கீறது என்னுதுதான்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சு" என்றாள் குமாரி.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இந்த ஊரில் அதைப் பார்த்தவர்களுக்கு அது மேடம் கொடுத்த நகை, யாரோ ஒரு வேலைக்காரி. எங்கள் கரையில் அது நைனாவின் மீன், குமாரியின் அக்கா. கழுத்து ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. முகம் இங்கேயே குனிந்துகொண்டு, அடுத்த ஜோடியின் அடியில் டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறது.