பெஞ்சு மேல் ஏறிய அம்மி

சில வருடங்களுக்கு முன் ஒரு வைகாசி மாதம், செஞ்சியில் ஒரு கல்யாண மண்டபம். மாப்பிள்ளை நான்தான். முகூர்த்தம் நெருங்க நெருங்க மற்றவர்களுக்குச் சந்தோஷம் வரும், எனக்குப் பயம்தான் வந்தது. காரணம் என் முதுகு.

எனக்கு முதுகெலும்பு இறுகிப்போகிற வாத நோய். 'ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்' என்று பாண்டிச்சேரி டாக்டர் பெயர் சொல்லும்வரை, பைக் ஓட்டுவதால் வந்த வலி என்று தைலம் தேய்த்தே காலத்தை ஓட்டியிருந்தேன். பார்க்க ஆள் நன்றாகத்தான் இருப்பேன். ஆனால் காலையில் எழுந்தால் இடுப்பு மரக்கட்டை. செருப்பு மாட்டக்கூடக் குனிய முடியாது. பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் கழுத்து திரும்பாது, மொத்த உடம்பையும் திருப்ப வேண்டும். அதைப் பார்த்து 'திமிர் பிடித்தவன்' என்று எங்கள் ஊரான வல்லத்தில் எனக்குப் பெயர் வேறு! நடக்க நடக்கக் கொஞ்சம் இளகும். ஒரே இடத்தில் உட்கார்ந்தால் போச்சு.

"கல்யாணம் முடியற வரைக்கும் வாய தொறக்காதடா" என்றார் அம்மா. எனக்கு மனசு கேட்கவில்லை. எனக்கு நிச்சயம் செய்திருந்த சிங்கவரத்துப் பெண்ணிடம் போனிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கீழே விழுந்த பொருளைக்கூட எடுக்க முடியாது என்றேன்.

"அப்ப உங்க கையில இருந்து கீழ வுழற காசெல்லாம் எனக்குத்தான்" என்றாள்.

சிரித்துவிட்டேன். போனை வைத்தபிறகு அழுதேன். அவள் வீட்டில் மற்ற யாருக்கும் விஷயம் தெரியாது.

முகூர்த்தமோ விடியற்காலை. என் உடம்புக்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது. மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்ததிலேயே இடுப்பு பூட்டிக்கொண்டது. எப்படியோ தாலி கட்டிவிட்டேன். நண்பன் கை கொடுத்து எழுப்பிவிட்டான். அடுத்தது மெட்டி. தரையில் அம்மி, அதன்மேல் அவள் கால். குனிந்தவன் பாதியிலேயே நின்றுவிட்டேன். கீழேயும் போக முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை.

"மாப்ள இன்னா இப்படி வெக்கப்படறாரு!" என்று ஒரு குரல். சிரிப்பு. "இடுப்புல ஏதாவது கோளாறா?" என்று இன்னொரு குரல். எனக்கு வியர்த்துக் கொட்டியது. தாலி கட்டிய கையோடு இந்தப் பெண்ணைச் சபையில் தலைகுனிய வைக்கிறோமே, இனி இவளை ஊர் முழுக்க 'ஐயோ பாவம்' என்பார்களே என்று கூனிக் குறுகிப்போனேன்.

அவள் நிமிர்ந்து தன் அப்பாவைப் பார்த்தாள்.

"நைனா, அம்மிய தூக்கி பெஞ்சு மேல வை. அவருக்கு ஒரு சேர் போடு."

மேளக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார். "இன்னாடி இது, கல்யாணப் பொண்ணு இப்படிப் பேசற?" என்றார் அவளுடைய பெரியம்மா.

"அவருக்கு முதுகுல நோவு பெரிம்மா. எனக்கு முன்னயே தெரியும். தெரிஞ்சுதான் கட்டிக்கினேன்."

மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். பந்தி நடக்கும் இடத்திலிருந்து ஒரு பெஞ்சை இழுத்து வந்தார். "புடிய்யா" என்று மச்சானையும் சேர்த்துக்கொண்டு அம்மியைத் தூக்கி அதன்மேல் வைத்தார். நான் சேரில் உட்கார்ந்தேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அம்மிமேல் காலை வைத்தாள். குனியாமலே மெட்டி போட்டேன்.

"இப்பதான் சார் ஆங்கிள் சூப்பர்!" என்றார் வீடியோக்காரர். மண்டபமே சிரித்தது. இந்த முறை நானும் சிரித்தேன்.

நோய் இன்னும் இருக்கிறது. மருந்தும் உடற்பயிற்சியும் ஓடுகின்றன. மோசமான நாட்களில் அவள்தான் சாக்ஸ் மாட்டிவிடுகிறாள். வலியில் நான் சிடுசிடுத்தால் நன்றாகத் திட்டவும் செய்கிறாள். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டவர்கள் நிறையப் பேர். எனக்காகக் கல்லைத் தூக்கி வைக்கச் சொன்னவள் இவள் ஒருத்திதான் என்று நினைக்கும்போது, முதுகு மறுக்கிற காலையிலும் எழுந்து நடக்க எனக்கு மனசு வந்துவிடுகிறது.