வெறுங்கயிறு

நம்பாதவர்கள் என் மகள் கெர்ரியைக் கேளுங்கள். அவளும் அங்கேதான் இருந்தாள். லினெட் என்ற பெயரை மட்டும் அவள் முன்னால் எடுக்காதீர்கள்.

யார்க்ஷயரில் எங்கள் ஊர்க் குதிரைப் பந்தயம் விக்டோரியா ராணி காலத்திலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. குளம்படியில் பெயர்ந்த புல்கட்டிகளைத் திரும்ப வைத்து, மிதித்து அமுக்குவது என் வேலை. கெர்ரிக்கு லாயத்தில் வேலை. லினெட் என்ற பந்தயக் குதிரையைக் குட்டியிலிருந்து வளர்த்தவள் அவள். பந்தயம் முடிந்தால், வளர்த்தவர்தான் ஓடுதள வாசலில் காத்திருந்து, கயிறு மாட்டி, குதிரையை லாயத்துக்கு அழைத்துப் போகவேண்டும். அதுவரை அந்த இடத்தை விட்டு நகரமாட்டார்கள்.

அந்த அக்டோபரில் லினெட் திரும்பவில்லை. வளைவில் விழுந்து வலது முன்னங்கால் முறிந்துவிட்டது. திரை கட்டி, அங்கேயே ஊசி போட்டு உயிரை முடித்துவிட்டார்கள்.

மாலை ஆறு மணி. கூட்டம் கலைந்துவிட்டது. மூடுபனி இறங்கியது. கெர்ரி கயிறோடு வாசலிலேயே நின்றாள்.

"பொண்ணைக் கூட்டிட்டுக் கிளம்புய்யா," என்றான் என்னோடு வேலை செய்யும் வில்ஃப். "விட்டா புல்லுன்னு நெனச்சு அவளையும் மிதிச்சிருவ." சிரிக்க வைக்கத்தான் சொன்னான். அவன் கண்ணும் சிவந்திருந்தது. சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

"வாம்மா, போலாம்."

"லினெட் வரட்டும்ப்பா."

"கெர்ரி... அவ வரமாட்டா."

"வெறுங்கயித்தோட எப்படிப்பா போறது?"

குளிரில் அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. இப்படியே விட்டால் என்ன ஆவாளோ என்று பயமாக இருந்தது.

அப்போதுதான் பார்த்தேன். அவள் பக்கத்தில் ஒருவர். தட்டைத் தொப்பி. முழங்கால் வரை சுற்றிய பழங்காலத் தோல்பட்டை. அவர் கையிலும் ஒரு கயிறு. வந்த சத்தமே இல்லை...

"இது எத்தனாவது பந்தயம், புள்ள?"

"நூத்தி அறுபத்தெட்டாவது."

"அப்போ ரொம்ப நேரமாத்தான் நிக்கறேன். எங்காளு, என் குதிரை, இங்க நடந்த மொத பந்தயத்துலயே அந்த வளைவுல விழுந்தான். தனியாப் போய்க் கூட்டிட்டு வர மனசு வரல..."

நான் கெர்ரியின் தோளைப் பிடித்தேன்.

அவர் கை நீட்டினார். "குடு. உன்னோடதையும் நானே கூட்டிட்டு வரேன். இருட்டுல வழி தெரியாம முழிச்சிட்டு நிக்கும்."

கெர்ரி கயிற்றைக் கொடுத்தாள்.

அவர் பனிக்குள் போனார்.

தட்... தட்... குளம்புச் சத்தம்.

ஒரு குதிரை.

பிறகு இன்னொன்று...

கெர்ரி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். அவளை அணைத்து, இழுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

விடிந்ததும் வில்ஃப் என்னை ஓடுதளத்துக்குக் கூப்பிட்டான். முந்தின மாலை நாங்கள் சமப்படுத்திய ஈரத் தரையில், வளைவிலிருந்து, இரண்டு குதிரைகள் பக்கம் பக்கமாக நடந்த தடம். நடுவில் ஆணி வைத்த பூட்ஸ் தடம். வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் மூன்றும் நின்றுபோயிருந்தன.

லாடம் அடிப்பவரை வரவழைத்தோம். ஒரு தடம் கனத்த இரும்பு லாடம். அந்த மாதிரியை அவர் தன் வாழ்நாளில் அடித்ததே இல்லை. மற்றது, பந்தயத்துக்காக லினெட்டுக்கு அவரே கையால் அடித்த மெல்லிய லாடம்.

அவர் குனிந்து லினெட்டின் தடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"நாலு காலும் பதிஞ்சிருக்குய்யா," என்றார். "நொண்டவே இல்ல."