வலது கண்ணில் தெரிந்த சிவப்பு

என் நாத்தனாருக்கு மறதி கிடையாது. பள்ளிக்கூடத்தில் தன் பென்சிலை உடைத்தவளை இன்றைக்குத் தெருவில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்படிப்பட்டவள் மேல்தான் என் வீட்டுக்காரர் சுத்தியலை எறிந்தார். அதுவும் கூடப் பிறந்த அண்ணன்.

கார்களுக்கு ஒடுக்கெடுத்துப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை எங்களுடையது. ஒடுக்கு அவர் வேலை, பெயிண்ட் அவள் வேலை. வெயிலில் வெளுத்த பழைய காருக்கு டப்பாவில் வரும் புதுப் பெயிண்ட் ஒத்துவராது. அவள் துளித் துளியாகக் கலந்து, ஒரு தகட்டில் தடவிக் காயவைத்து, காரின் மேல் வைத்துப் பார்ப்பாள். கலவை சரியாக அமைந்துவிட்டால் தகடு எங்கே இருக்கிறது என்று நாம்தான் தேட வேண்டும். கல்யாணப் பேச்சை எடுத்தால், "கலர் ஒத்துவரல அண்ணி" என்று வாயை அடைத்துவிடுவாள்.

ஒருநாள் வாடிக்கையாளர் எதிரிலேயே, "அண்ணே, நீ எடுத்த ஒடுக்கு அலையலையா நிக்குது. இதுமேல நான் பெயிண்ட் அடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். வாடிக்கையாளர் போய், ஆட்களும் சாப்பிடப் போன பிறகு கையிலிருந்த சுத்தியல் பறந்தது. அவளுடைய வலது புருவத்தில் பட்டது. சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வாசலில் நின்ற நான் மட்டும்தான் பார்த்தேன்.

நானே அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கண் சிவக்கக்கூட இல்லை, ஆனால் அந்தக் கண்ணில் எல்லாம் புகைக்குள் இருப்பதுபோல் தெரிகிறது என்றாள். டாக்டரம்மா டார்ச்சை ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு மாற்றி மாற்றி அடித்தார். வெளிச்சம் வலது கண்ணுக்கு வந்ததும் கருமணி சுருங்குவதற்குப் பதிலாக விரிந்தது.

"இத யாராலயும் நடிக்க முடியாது. கண்ணு நல்லாத்தான் இருக்கு. அதுக்குப் பின்னாடி, மூளைக்குப் போற நரம்பு எலும்புக்குள்ள ஒரு சின்னப் பொந்து வழியா போகும். புருவத்துல விழுந்த அடி அந்த நரம்பைப் பாதிச்சிருக்கு."

"மருந்து இருக்கா?"

"பார்வைய நிச்சயமா மீட்டுத் தர்ற மருந்து இல்லம்மா. சில இடத்துல ஸ்டீராய்டு குடுப்பாங்க. அதனால பார்வை வரும்னு யாரும் நிரூபிக்கல, கெடுதல் வேற வரலாம். ஸ்கேன்ல எலும்பு எதுவும் நரம்ப அழுத்தல, அதனால ஆபரேஷனும் வேணாம். சிலருக்குத் தானாவே கொஞ்சம் திரும்பும். காத்திருந்து பாப்போம். இனிமே கண்ணாடி போடாம பட்டறைக்குள்ள கால் வைக்காதீங்க. இன்னொரு கண்ணு ரொம்ப முக்கியம்."

பிறகு மருந்துப் புட்டியின் சிவப்பு மூடி ஒன்றைக் காட்டினார். இடது கண்ணில் அது சிவப்பு. வலது கண்ணில் பழைய செங்கல். நாத்தனார் அந்த மூடியை வாங்கி, இரண்டு கண்ணாலும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது, அதற்குப் பின்னால் வந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை.

வீட்டுக்காரர் ஊரெல்லாம் பூசி மெழுகினார். அவள் கதவில் இடித்துக்கொண்டாளாம். புருவத்து வீக்கம் வடிந்ததும் பேச்சை மாற்றினார். "கண்ணு கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு. சோம்பேறித்தனம், நடிக்கிறா." நான் நடந்ததைச் சொன்னால், புருஷன் பெண்டாட்டி சண்டை என்று கேட்டவர்கள் சிரித்தார்கள். அவள் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பட்டறை ஆளுங்க முன்னாடி, நீதான் அடிச்சேன்னு சொல்லு. அது போதும்."

"பைத்தியமா உனக்கு?" என்று போய்விட்டார்.

மாதங்கள் போயின. டார்ச் வெளிச்சத்தில் கருமணி அதேபோல விரிந்தது, செங்கல் செங்கலாகவே இருந்தது. அந்தச் சமயம் பார்த்து அவருடைய சொந்தக் காரின் கதவில் எவனோ உரசிவிட்டான். சிவப்புக் கார். தன் உடம்பைவிட அதைத்தான் ஒழுங்காகக் குளிப்பாட்டுவார். வேறு யாரையும் தொட விட மாட்டார், தங்கைதான் அடிக்க வேண்டும்.

அவள் மறு பேச்சில்லாமல் ஒத்துக்கொண்டாள். எனக்குச் சந்தேகம் தட்டியது. போய்ப் பார்த்தேன். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் காரைப் பார்த்தாள். பிறகு வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் கலவையைப் பார்த்தாள். கொஞ்சம் சாம்பல் சேர்த்தாள், கொஞ்சம் வெள்ளை சேர்த்தாள். மறுபடி பொத்தினாள். எனக்குப் புரிந்துவிட்டது. வாசலில் காவலுக்கு உட்கார்ந்தேன்.

காரை வெளியே உருட்டியபோது ஆட்களும் வாடிக்கையாளர்களும் நின்றிருந்தார்கள். உடம்பெல்லாம் சிவப்பு, ஒரு கதவு மட்டும் தூசி படிந்த செங்கல். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என்னடி பண்ணி வச்சிருக்க? ஒரு கண்ணு தெரியாதவ கையில குடுத்தது என் தப்பு!"

அவள் துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியாதுன்னு உனக்குத் தெரியுமா அண்ணே? நடிக்கிறேன்னுதானே சொன்ன?"

அவள் எல்லாரையும் பார்த்து நிதானமாகச் சொன்னாள். "அந்தக் கதவு என் வலது கண்ணுல தெரியிற சிவப்பு. மத்தது இடது கண்ணு. எவ்வளவு போயிருக்குன்னு இப்ப நீங்களே பாத்துக்கலாம்."

மூத்த ஆள் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "கதவுல இடிச்சதுக்கா இப்படி ஆகும்?"

யாரும் நகரவில்லை. நானும் நகரவில்லை. அவர் என்னைப் பார்த்தார், நான் நேராகத் திருப்பிப் பார்த்தேன்.

"சுத்தியல எறிஞ்சேன். நான்தான்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். பிறகு நிமிர்ந்து, "சரி, சொல்லிட்டேன்ல? கதவ மாத்தி அடிச்சுக் குடு" என்றார்.

"டாக்டரம்மா என்னையும் காத்திருக்கத்தான் சொல்லியிருக்காங்க. சிலருக்குத் தானா கொஞ்சம் திரும்புமாம். நீயும் காத்திருந்து பாரு" என்றாள் அவள்.