விடை வாராத சரணம்

அறுபதுகளின் திரைப்பாடல்களை இன்று எவரும் விரும்பிய கணத்தில் கைப்பேசியில் கேட்டுவிடலாம். குறையேதுமின்றித் தெளிவாகவே ஒலிக்கின்றன. ஆயினும் நான் கண்களை மூடும்போது என் செவியில் எழுவது அந்தத் தெளிந்த ஒலியன்று. கடற்காற்றில் கரைந்தும் திரண்டும், ஒருகால் வாசலருகே வந்தும் ஒருகால் அலைகளுக்கு அப்பால் விலகியும் ஒலித்த வேறொரு பாட்டு அது.

இராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் இடையே, கடலை ஒட்டி எங்கள் தெரு இருந்தது. கரையை அரித்துவந்த கடல் அதை வீடு வீடாக எடுத்துக்கொண்டது. இன்று அவ்விடத்தில் கருங்கற்கள் குவிந்து கிடக்கின்றன. அந்நாளில் திருமணமோ மஞ்சள் நீராட்டோ, பந்தல் எழுவதற்கு முன்பே கூம்பு ஒலிபெருக்கி விளக்குக் கம்பத்தில் ஏறிவிடும். அதன் உரிமையாளரிடம் ஒரு தகரப்பெட்டி நிறைய இசைத்தட்டுகள் இருந்தன. அவற்றுள் நிலவும் படகும் வரும் காதற்பாட்டு ஒன்றை எங்கள் தெரு தனக்கே உரியதாக்கிக்கொண்டது. முதலில் குழல் தனித்து ஒலிக்கும். பின் ஆண்குரல், துயிலிலிருந்து எழுந்து வருவதுபோல. அக்குரல் எழும்போதெல்லாம் கடலும் சற்றுத் தணிந்து கேட்பதாகச் சிறுவயதில் நான் நம்பியிருந்தேன். இப்போதும் அந்நம்பிக்கையை முற்றும் கைவிட்டேன் என்று சொல்வதற்கில்லை.

இரண்டாம் சரணத்தில் தலைவி ஒரு கேள்வி கேட்பாள். தட்டில் அவ்விடத்தில் ஒரு கீறல். முள் சிக்கிக்கொள்ள, அவள் மறுபடியும் அதையே கேட்பாள். மூன்றாம் முறையும் கேட்பாள். அதற்குள் ஒலிபெருக்கிக்காரர் ஓடிவந்து விரலால் மெல்லச் சுண்டுவார். 'டொக்' என்னும் ஓசை தெருவெங்கும் அதிரும். முள் தலைவனின் விடையைத் தாண்டிக் குதித்து நேரே பல்லவியில் இறங்கும்.

எங்களுக்கு அதுவே பாட்டு. மணலில் அமர்ந்து வலையின் கிழிசல் தைத்த ஆடவரும், குழாயடியில் குடத்தோடு காத்திருந்த பெண்டிரும் அவ்வாறே பாடினர். மும்முறை கேள்வி, நாவை மடித்து ஒரு 'டொக்', உடனே பல்லவி. தலைவன் விடை சொல்லியிருக்கிறான் என்பதைப் பின்னாளில் வானொலியில் கேட்டபோதுதான் அறிந்தேன். யாரோ அயலான் இடையில் புகுந்து பேசியதுபோல இருந்தது.

என் மனைவி தஞ்சைப் பக்கத்தவள். மணமான புதிதில் நான் அந்தப் பாட்டை முணுமுணுக்கக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். தெருவின் கதையைச் சொன்னேன், அதற்கும் சிரித்தாள். பல்லாண்டுகள் அது எங்களுக்குள் ஒரு விளையாட்டாகவே இருந்தது.

அண்மையில் நிலைமை மாறிற்று. பெயர்கள் நழுவத் தொடங்கின. ஒருநாள், வேறிடத்துக்கு மாறிப்போன அஞ்சலகத்தைப் பழைய இடத்திலேயே தேடி நின்றேன். மருத்துவரிடம் காட்டிவிடலாம் என்று மகன் தாழ்ந்த குரலில் தாயிடம் கூறியதும் என் காதில் விழுந்தது. அதன்பின் நான் அந்தப் பாட்டைப் பாடினால் மனைவி சிரிப்பதில்லை. விடுபட்ட அடியைக் கனிவோடு எடுத்துக்கொடுப்பாள். அந்தக் கனிவுதான் என்னை அச்சுறுத்தியது. உடன்பிறந்தோர் ஒருவரும் இன்று இல்லை. தெருவோ கடலுக்குள். அந்த 'டொக்' ஓசை மெய்யாகவே ஒலித்ததா, என் மனம் புனைந்துகொண்டதா? உறுதி சொல்ல ஓர் உயிர்கூட எஞ்சவில்லை என்று எண்ணியிருந்தேன்.

ஒரு ஞாயிறு காலை காசிமேட்டுத் துறைமுகத்தில் சங்கரா மீன் வாங்கினோம். மீனை ஆய்ந்து தரும் பெண்கள் வரிசையாக அமர்ந்திருந்தனர். ஐம்பது அகவை மதிக்கத்தக்க ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு நின்றோம். செதில்கள் தெறிக்க அவள் தனக்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். விசைப்படகுகளின் இரைச்சலில் முதலில் எதுவும் பிடிபடவில்லை. பிறகு நிலவு வந்தது. படகு வந்தது. அவள் கேள்வியைக் கேட்டாள். மீண்டும் கேட்டாள். மூன்றாம் முறையும் கேட்டு, நாவை மடித்து 'டொக்' என்றாள்.

மனைவி என் முழங்கையைப் பற்றிக்கொண்டாள்.

இந்தப் பாட்டை யாரிடம் கற்றாய் என்று வினவினேன்.

"எங்கம்மா பாட்டு நைனா. அது இப்டித்தான் பாடும்."

அம்மாவின் வீடு எங்கே என்றேன். அவள் கத்தி முனையால் வடக்கே கரையைக் காட்டினாள். "கடலு துன்னுட்ச்சே, அந்தத் தெரு. அப்பால எம்.கே.பி. நகருக்குப் பூட்டோம். அம்மா போயி நாளாச்சு."

மனைவி குனிந்து, "நடுவுல டொக்குன்னு ஒண்ணு போட்டியேம்மா, அது எதுக்கு?" என்று கேட்டாள்.

"எதுக்குன்னா? பாட்டுல கீதும்மா."

இதற்குள் மனைவியின் கைப்பேசியில் அந்தப் பாட்டு தயாராகிவிட்டது. அவள் எதையும் சரிபார்த்துவிடும் இயல்பினள். "அந்தப் பொண்ணு கேக்கறதுக்கு அவன் பதில் சொல்லுவாம்மா. போடறேன், கேளு" என்றாள்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "எங்க சொல்றான்? மூணு வாட்டி கேக்குது அது. கம்முனு பல்லவிக்குப் பூட்றான். எந்த ஆம்பள பதில் சொல்லிக் கீறான், நீயே சொல்லு."

பக்கத்தில் மீன் ஆய்ந்தவள் உரக்கச் சிரித்தாள். மனைவியின் விரல் திரைக்கு மேல் அப்படியே நின்றது. பிறகு அவளும் சிரித்துவிட்டாள், புதுமணப் பெண்ணாய்ச் சிரித்ததுபோல. கைப்பேசியை அணைத்துப் பைக்குள் வைத்தாள்.

மீனை வாங்கிக்கொண்டு, உலரும் வலைகளுக்கு இடையே வெளியே நடந்தோம். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.

"ஏங்க, அந்தத் தெருவுல வேற யார் யார் இருந்தா? முதல் வீட்லேர்ந்து சொல்லுங்க" என்றாள் மனைவி.

முதல் வீட்டில் ஒரு படகுத் தச்சர் இருந்தார் என்று தொடங்கினேன்.