மாமா ஊதி அணைத்த பைலட்

ஜெர்சி சிட்டியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் பழைய கேஸ் அடுப்பு ஒன்று இருந்தது. மேல்தட்டைத் தூக்கினால் பர்னர்களுக்கு நடுவே குட்டியாக இரண்டு நீலச் சுடர்கள் எந்நேரமும் எரியும். பைலட் என்பார்கள். திருகைத் திருப்பினால் அதிலிருந்து பர்னர் பற்றிக்கொள்ளும்.

ஈரோட்டிலிருந்து வந்திருந்த என் மாமனாருக்கு அது பொறுக்கவில்லை. ஊரில் சமையல் முடிந்ததும் சிலிண்டரை மூடிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பார். இங்கே மூடுவதற்கு சிலிண்டரும் இல்லை.

"ஏன் அம்மிணி, ஆரும் சமைக்காதப்பவும் எரியுதே, இதென்ன கோயல் விளக்கா?"

"அது அப்படித்தானுங்க மாமா. அணைக்கக் கூடாது."

அவர் விடவில்லை. துணி துவைக்க பேஸ்மென்ட்டுக்குப் போனபோது கூடவே வந்து எங்கள் கேஸ் மீட்டரைத் தேடிப் பிடித்தார். ஹீட்டருக்கும் சுடுதண்ணீருக்கும் ஆகும் கேஸ் வீட்டுச் சொந்தக்காரர் பொறுப்பு. அந்த மீட்டரில் ஓடுவது எங்கள் அடுப்பு மட்டும்தான். அடுப்பில் ஒன்றும் இல்லை. ஆனாலும் சின்ன முள் மெதுவாக நகர்ந்துகொண்டே இருந்தது.

"பாத்தியா? நாள் பூரா இப்படி ஓடுனா, நீ சமைக்கறதைவிட இது அதிகமாத் தின்னுபோடும்."

அவர் சொன்னது சரி. அதுதான் எனக்கு எரிச்சல்.

மறுநாள் பாஸ்போர்ட் வேலையாக மன்ஹாட்டன் போக வேண்டியிருந்தது. கைக்குழந்தையை முதல் முறையாக அவரிடம் விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. படியேறும்போதே கேஸ் நாற்றம். கதவைத் திறந்ததும் மூச்சை அடைத்தது. குளிருக்கு எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. மகள் ஹாலில் தூங்கிக்கொண்டிருந்தாள். மாமா சமையலறையில் சாமி படத்துக்கு முன்னால் விளக்கில் எண்ணெய் ஊற்றிவிட்டு, தீக்குச்சியை உரசப் பெட்டிமேல் வைத்திருந்தார். வந்த நாளிலிருந்து அவருக்கு ஜலதோஷம். மூக்கு வேலை செய்யவில்லை.

"மாமா, உரசாதீங்க!"

"விளக்கு வெக்கற நேரத்துல என்னத்துக்கு இப்படிக் கத்தற?"

குச்சி இன்னும் பெட்டியின் மேல்தான் இருந்தது. பாய்ந்து பிடுங்கினேன். ஒரு கையில் குழந்தை, மறு கையில் அவர் மணிக்கட்டு. அதுவரை அவர் எதிரில் உட்கார்ந்துகூடப் பேசியதில்லை. தரதரவென்று இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தேன். கேஸ் கம்பெனிக்கு போன் செய்துவிட்டுப் பனியில் நின்றோம். குழந்தை வீறிட்டு அழுதது.

"எப்ப அணைச்சீங்க?"

"மத்தியானம். ஊதுனேன், போயிருச்சு."

"சுடர்தான் போகும். கேஸ் வந்துட்டேதான் இருக்கும்!"

"அத்துணூண்டு சுடருக்கு எத்தனை கேஸ் வந்துரப் போவுது?"

"நேத்து சமையலைவிட அதிகமாத் தின்னுதுன்னீங்க. இன்னிக்கு அத்துணூண்டா?"

அவர் தன் சால்வையை எடுத்துக் குழந்தை மேல் போட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, குளிர் அப்படி.

கம்பெனி ஆள் வந்து, ஜன்னல்களைத் திறந்து, பைலட்டுக்குப் போகும் கேஸையே நிறுத்திவிட்டுப் போனார். இனி தீக்குச்சியால் பற்றவைத்துக்கொள்ளச் சொன்னார்.

வேலையிலிருந்து வந்த கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பா நல்லதுக்குத்தான பண்ணினார், விடேன்" என்றார்.

"நல்லதுக்கு உங்க பொண்ணையும் சேத்துக் கொளுத்தியிருப்பார்."

மாமா பக்கத்து அறையில்தான் இருந்தார். கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

மறுநாள் அவர் பேஸ்மென்ட்டுக்குப் போய்ப் பார்த்தார். முள் நின்றுவிட்டதாம். மகனிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஊர் திரும்பும்வரை, விளக்கு வைக்கும் நேரத்தில் தீப்பெட்டியைத் திறக்காமல் சமையலறை வாசலில் நின்று கூப்பிடுவார்.

"அம்மிணி, கொஞ்சம் வந்து மோந்து பாரு."

போய் முகர்ந்து பார்த்து, "பத்த வையுங்க" என்பேன். சில நாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வேண்டுமென்றே எழுந்திருக்க மாட்டேன். எவ்வளவு நேரமானாலும் நிற்பார். நான் வராமல் ஒருநாளும் குச்சியை உரசியதில்லை.