படத்துக்குக் கீழே ஒரு வரி

பேப்பர் ஆபீஸில் குப்பை கொட்டியவர்களுக்குத் தெரியும்: போர்ப் படத்துக்குக் கேப்ஷன் எழுதுவது, பார்க்காத மாப்பிள்ளைக்கு உத்தரவாதம் கொடுப்பது போன்ற வேலை. 2003இல் குவைத்தில் ஒரு ஆங்கில நாளிதழில் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். செய்தி ஏஜென்சி அனுப்பும் படம் கம்ப்யூட்டர் திரையில் மெள்ள இறங்கும். முதலில் வானம், அப்புறம் தலைகள், கடைசியில் கால்கள். ஜன்னலுக்கு வெளியேயும் புழுதி, படத்திலும் புழுதி. நான் எந்தப் பக்கம் இருக்கிறேன் என்று சில சமயம் மயங்கும்.

கேன்கள்

ஒரு படத்தில் கூடாரங்களுக்கு முன்னால் ஈராக்கிய அகதிகள் கூட்டமாக நின்றார்கள். ‘எங்கே போவதென்று தெரியாமல் நிற்கும் அகதிகள்’ என்று அடித்துவிட்டு, அந்த வரியின் அழகிலேயே கொஞ்ச நேரம் மிதந்தேன். டீ கொண்டுவந்த யோகன் திரையைப் பார்த்து நின்றுவிட்டார். மன்னார்க்காரர், மண்டபம் அகதி முகாமில் நாலு வருஷம் இருந்தவர். மெதுவாகச் சொன்னார்: “தெரியாம நிக்கேல்லை அண்ணை, தண்ணி வண்டிக்கு நிக்கினம். கேன் எல்லாம் ஒரே பக்கம் பார்க்குது, பாருங்கோ.”

வலது பக்கம் நிற்பவர்

ஒரு மத்தியானம் ரிசப்ஷனில் ஒரு அமெரிக்கச் சிப்பாய், கறுப்பர், எங்கள் பேப்பரை நாலாக மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் பக்கப் படத்தில் இரண்டு பேர். வெள்ளைக்கார அதிகாரிக்குப் பெயர் போட்டிருந்தேன். இவரை ‘கறுப்பின வீரர் ஒருவர்’ என்று விட்டிருந்தேன். ஏஜென்சி பெயர் அனுப்பவில்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். மறுநாள் திருத்தம் போட்டோம். அன்று மறுபடி வந்து, இரண்டு பிரதி வாங்கிக்கொண்டு கிளம்பும்போது சொன்னார்: “அம்மாவுக்கு அனுப்பணும். நான்தான்னு அவங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரங்களுக்குத் தெரியணுமே.”

திரும்பி வந்தவர்

அடுத்த வருஷம், ஈராக்குக்கு லாரி ஓட்டிப் போன முருகேசன் ஆயுதக் கும்பலிடம் பிடிபட்டு, மூன்று வாரம் கழித்து விடுபட்டார். அறந்தாங்கிக்காரர். குவைத்தில், ஃபஹாஹீலில் இருந்த அவர் ரூமுக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து, தூரத்து ரோட்டைப் பார்க்கிற மாதிரி பேசினார். கண்ணைக் கட்டியே வைத்திருந்தார்களாம்; வெளியே ஆடு கத்தினால் விடிந்துவிட்டது என்று கணக்காம்.

போட்டோ எடுத்துவிட்டு, ‘விடுதலையான டிரைவர்’ என்று போடப்போவதாகச் சொன்னேன். அவர் தலையாட்டி மறுத்தார்: “வேணாண்ணே, ‘திரும்பி வந்த டிரைவர்’னு போடுங்க. பாஸ்போர்ட்டு கஃபீல் முதலாளிகிட்ட இருக்கு. ஊருக்குப் போக லீவு கேட்டா, லாரி எங்கன்னு கேக்குறாரு.”

அந்த இரண்டு வருஷத்தில் நானாக எழுதி, யாரும் திருத்தாமல் போனது தேதி ஒன்றுதான்.